நிஷிவாக்கி சக்கரம் திருத்திய படலம்

வாழ்க அவன் வாகனம்! செந்நிறம் பூண்டு, இரண்டே இருக்கை உடைத்தாய், துணிக்கூரை கவித்து, நிலமகளின் முதுகைத் தடவியபடி செல்லும் அத்திருத்தேரின் தலைவனும், மட்சுமோட்டோ மாநகர நீர்வடிகால் அலுவலகத்தின் துணைப்பிரிவுத் தலைவனும், மலைவளைவுகளை மனத்தினாலேயே ஆயிரம் முறை வென்றவனும், காதோரம் நரைத்தபின் முதல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய பெருவீரனுமாகிய நிஷிவாக்கி ஷிகெருவின் புகழைப் பாடத் துணிந்தோம். எடுத்த பொருளோ பெரிது. எம்மிடமுள்ள சொல்லோ சிறிது. ஆதலால், எண்ணெய்ப் பிசுக்கில் உறையும் தெய்வங்களே, துருவேறிய போல்ட்டையும் ஒரே திருப்பில் இளகச் செய்யும் கருணைக் கடல்களே, முன்னின்று காத்தருள்க.

ஞாயிறுதோறும் மலையேறவே வீரன் அவ்வாகனத்தை வாங்கினான் என்பது ஊரறிந்த செய்தி. ஏறிய ஞாயிறுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது வீடறிந்த செய்தி. மற்ற நாளெல்லாம் அது அலுவலகத்துக்கும் காய்கறிக் கடைக்கும் போய்வந்தது.

வாங்கிய புதிதில், பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையை ஆளும் அவன் மனைவி ஃபுமியே, காலைதோறும் அவன் இடப்பக்கம் அமர்ந்து வேலைக்குப் போனாள். ஜூன் மாத அடைமழையோடு அது நின்றது. ஒருநாள் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். அப்புறம் பஸ்ஸிலேயே போனாள். வீரன் தனிமையில் அமர்ந்து காரணத்தை ஆராய்ந்தான். மலைப்போருக்கெனக் கூர்தீட்டிய சக்கரங்கள், லாரித் தடம் விழுந்த நகரச் சாலையில், மோப்பம் பிடிக்கும் நாயைப் போல் இங்குமங்கும் இழுக்கின்றன. அந்த இழுப்பே அவளை விரட்டியது என்று முடிவுகட்டினான். அவளைக் கேட்டானில்லை. வீரர்கள் கேட்பதில்லை.

மலையெல்லாம் இலை சிவந்த ஒரு சனிக்கிழமை, உள்விளிம்பு தேய்ந்து நூல் தெரிந்த டயர்களை மாற்றி, சக்கரங்களைத் திருத்தும் பொருட்டு, ஓகுரா என்பாரின் பட்டறைக்குள் தேர் புகுந்தது.

கேளீர், போரின் இலக்கணத்தை. சக்கரத்தின் தலை உள்நோக்கிச் சாய்வது கேம்பர் எனப்படும். மிகச் சாய்த்தால் வளைவில் பிடி உண்டு. டயருக்கு ஆயுள் இல்லை. முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்குவதும், ஊடல் கொண்டாற்போல் ஆளுக்கொரு பக்கம் முகம் திருப்புவதும் டோ எனப்படும். முகம் திருப்பினால் வண்டி சட்டென்று வளையும். நோக்கினால் நேர்சாலையில் நிம்மதியாகப் போகும். இவ்விரண்டில் எதை எவ்வளவு வைப்பது என்று ஓகுரா கேட்டார்.

அந்தோ! கேட்ட மாத்திரத்தில், வீரனின் நெஞ்சக் களத்தில், புகையெழுப்பும் டயர்களே முரசாக, வளைவுதோறும் கதறும் பிரேக்குகளே சங்காக, மலைச்சேனை ஒருபுறம் அணிவகுக்க, முட்டை வாங்கிய பை, வேகத்தடை, பள்ளிக்கூட வாசல், டயர் விலை ஆகிய நாற்படையும் திரண்டு நகர்ச்சேனை மறுபுறம் எதிர்நிற்க, வில்லொடு வில்லும் டிகிரியொடு டிகிரியும் மோதி, ஓகுரா இரண்டு முறை தேநீர் அருந்தி முடிக்கும் வரை அப்போர் ஓய்ந்ததில்லை. இறுதியில் மலைச்சேனை கொடி சாய்ந்தது. வீரன் எழுந்து முழங்கினான்:

“மலை பொறுத்திருக்கட்டும்! சாய்வு தணிக! சக்கரங்கள் ஒன்றையொன்று நோக்குக! இடப்பக்கத்து இருக்கை மீண்டும் நிறைக!”

அவன் வாய் உதிர்த்தது “அப்போ... கொஞ்சம் கம்மியாவே வையுங்களேன்” என்பதே ஆயினும், பொருள் மேற்கண்டதேயாம்.

“வீட்டு செட்டிங்குன்னு ஒரு வார்த்தை சொல்ல இம்புட்டு நேரமா?” என்றார் ஓகுரா. “சரி, நிஷிவாக்கி சான், ஆள் உட்கார்ந்தா வண்டி அமுங்கும். உட்கார்ற ஆளோட எடையை வச்சுத்தான் நான் திருத்துவேன். ஒருத்தரா, ரெண்டு பேரா?”

முன்னர் நடந்தது வெறும் ஒத்திகை. போர் இப்போதுதான் மூண்டது. அந்த இருக்கையில் நான்கு மாதமாக அமர்ந்திருப்பது வீரனின் சாப்பாட்டு டப்பா. ஒருவர் என்பது உண்மை. இருவர் என்பது ஆசை.

“ரெண்டு பேர்.”

“வீட்டம்மா என்ன எடை இருப்பாங்க?”

இருபது ஆண்டு இல்லறம் நடத்திய வீரனுக்கு அது தெரியவில்லை. ஓகுரா பெருமூச்சு விட்டு, தம் வயலில் விளைந்த அரிசியில், ஒவ்வொன்றும் முப்பது கிலோவாக இரண்டு மூட்டைகளைத் தூக்கி வந்து இடப்பக்கம் ஏற்றி, சீட் பெல்ட்டும் மாட்டினார். வீரன் அவற்றைப் பார்த்தான். மனம் ஒப்பவில்லை. எந்த மாவீரனும் துணியாததைத் துணிந்து, போனை எடுத்தான்.

“ஃபுமியே, உன் எடை எவ்வளவு?”



“எதுக்கு?”

“காருக்கு.”

“எங்க இருக்கீங்க?” என்று கேட்டு, பதில் வந்ததும் வைத்துவிட்டாள்.

மருத்துவமனை சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும். பஸ் இறங்கி, கையில் கடைச் சோற்றுருண்டையோடு பட்டறைக்குள் வந்த ஃபுமியே, ஓகுராவுக்குக் குனிந்து வணக்கம் சொல்லி, காருக்குள் எட்டிப் பார்த்தாள்.

“இது யாரு?”

“நீ” என்றான் வீரன்.

“ரெண்டு மூட்டையா நான்?”

ஓகுரா அவசரமாக ஒரு ஸ்பானரைத் தேடிக்கொண்டு மறைந்தார். ஃபுமியே பெல்ட்டைக் கழற்றி மூட்டைகளை இறக்கச் சொல்லி, பையை மடியில் வைத்துக்கொண்டு, தானே ஏறி அமர்ந்தாள். வீரனும் தன் இருக்கையில் ஏறினான். “ரெண்டு பேரும் அசையக் கூடாது” என்று ஆணையிட்டு ஓகுரா அடியில் புகுந்தார்.

எங்கும் போகாத அந்தத் தேரில், சிற்பங்களைப் போல், இருவரும் நேர் எதிரே சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தபடி இருந்தனர். அவள் சோற்றுருண்டையைப் பிட்டுப் பாதியை அவன் மடியில் வைத்தாள்.

“அசையாதீங்கன்னேனே!” என்றது அடியிலிருந்து ஒரு குரல்.

“இனிமே இழுக்காது” என்றான் வீரன், உதடு மட்டும் அசைய. “தடத்துல நேராப் போகும். அதுக்குத்தான் எல்லாம்.”

“என்ன இழுக்காது?”

“வண்டி. அதனாலதானே நீ பஸ்ல போற?”

ஃபுமியே கழுத்தைத் திருப்பாமல் சிரித்தாள். “கூரை ஒழுகுதுங்க. என் பக்கம். யூனிபாரத்துல இடது தோள் மட்டும் நனைஞ்சு, பேஷண்டெல்லாம் என்னாச்சுன்னு கேட்டாங்க. உங்ககிட்ட அன்னிக்கே சொன்னேன். நீங்க ‘ம்’னுட்டுக் குனிஞ்சு டயரைப் பார்த்தீங்க.”

வீரனின் புகழ்க்கொடி கம்பத்தோடு சாய்ந்தது.

“மழை இல்லாத நாள்ல வந்திருக்கலாமே?”

“நீங்க கூப்பிடலையே.”

அடியில் ஒரு போல்ட் இறுகியது. மடிமீது இருந்த பாதி உருண்டையை வீரன் பார்த்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. முழங்குவதற்கு வாய் திறந்தான். முழக்கம் ஒன்றும் வரவில்லை.

“திங்கக்கிழமை வர்றியா?”

“முதல்ல சாப்பிடுங்க. அசையாம.”

இவ்வாறாக நாற்சக்கரமும் நேர்ப்பட, முன்சக்கரங்கள் ஒன்றையொன்று மெல்ல நோக்க, முரசம் முழங்காமலும் பூமாரி பொழியாமலும், பட்டறைக் கதவு திறந்து அத்திருத்தேர் வெளிப்போந்தது; கூரையைத் தைக்கும் கடைக்காரர் செவ்வாய்க்கிழமைதான் வரச் சொன்னார்.

திங்கட்கிழமை மழை பெய்தது. ஃபுமியே இடது தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு காரில் வேலைக்குப் போனாள்.