புல்லாங்குழல் நேரத்தில் கெட்டிமேளம்

பாயான் பாரு,
ஞாயிற்றுக்கிழமை

அன்பும் மரியாதையும் கலந்த மச்சான் கோகிலன் அவர்களுக்கு,

மோகனராஜ் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை துளசியும் மகள் ஷர்மினியும் உடலளவில் சுகம். மற்ற அளவுகளில் எப்படி என்பதைக் கீழே காண்க. ஈப்போவில் உங்கள் வீட்டார் எல்லா அளவிலும் நலமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். உங்கள் தம்பி சின்னையா குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகி, போனையும் அணைத்துவிட்டு, உங்கள் வீட்டில் வந்து சுருண்டு படுத்திருப்பதாகக் கேள்வி. அவன் தன் கதையை அழுதுகொண்டே சொல்லியிருப்பான். ஆகவே நான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பேக்டரியில் தரப் பரிசோதனை மேற்பார்வையாளராக இருந்தவன் நான். சாமான் பழுதானால் ஆளைத் திட்டமாட்டோம், மூலகாரணத்தைத் தேடுவோம். இதையும் அப்படித்தான் பார்க்கிறேன். கோபம் என்று எதுவும் கிடையாது.

ஷர்மினி புல்லாங்குழல் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவில் எல்லாரும் ஆசைக்கு வாசிக்கிறவர்கள். குச்சி பிடித்து நடத்தும் நஸீஹா பகலில் பல் வைத்தியர். இந்த வருடக் கச்சேரிக்கு முதல் பாதி ரஷ்யா, இரண்டாம் பாதி பிரான்ஸ் என்று முடிவு செய்தார்கள். ரஷ்யாக்காரர் சங்கீதத்தில் இடி இடிக்க வேண்டும், பிரெஞ்சுக்காரர் சங்கீதத்தில் மூச்சே விடக்கூடாது. எனக்கு விளங்கியது அவ்வளவுதான். அந்தப் பிரெஞ்சுப் பாட்டின் நடுவில் மற்றவர்கள் நிறுத்திக்கொள்ள, ஷர்மினி மட்டும் தனியாக ஊதும் இடம் ஒன்று உண்டு. ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்ததிலிருந்து அவளுக்கென்று கிடைத்தது அது ஒன்றுதான். குளியலறையில்தான் நன்றாக எதிரொலிக்கிறது என்று மாதக்கணக்கில் அதற்குள் நின்று ஊதினாள். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே காத்திருந்தேன். இந்த நேரத்தில் பெரிய முரசு அடிக்கிறவர் டெங்கியில் படுத்துவிட்டார். ஷர்மினி உடனே, "நம்ம மாமா இருக்காருலா!" என்றாள். ஜுருவில் கார் விற்று, சனி ஞாயிறில் கல்யாணத் தவில் வாசிக்கும் நம் சின்னையாவைத்தான் சொன்னாள். அவனுக்கு அவர்களுடைய சங்கீத நோட்டு படிக்கத் தெரியாது. பரவாயில்லை, பக்கத்தில் நின்று சின்ன முரசு வாசிக்கும் லைலா தலையாட்டினால் அடி, இல்லாவிட்டால் சும்மா நில் என்று ஏற்பாடு. ஒத்திகையில் ஒரு குறையும் இல்லை.

கச்சேரியன்று ரஷ்யப் பாதியில் அவன் அடித்த அடியில் மண்டபமே அதிர்ந்தது. நானே எழுந்து நின்று கைதட்டினேன், அதை மறைக்கவில்லை. பிரெஞ்சுப் பாதியில் அவனுக்கு வேலை கடைசியில் மெல்ல ஒரு தட்டு, அவ்வளவுதான். ஷர்மினி எழுந்தாள், குழலை உதட்டில் வைத்தாள், நாலு சுரம்தான் வந்திருக்கும், உங்கள் தம்பி இரண்டு கையாலும் கெட்டிமேளம் கொட்டினான். ஒரு அடி என்றால் தவறிவிட்டது என்று விடலாம். தாலி கட்டி முடிகிற வரை நிறுத்தக்கூடாது என்று பழகிய கை, அங்கே யாரும் தாலி கட்டவில்லை, ஆகவே நிறுத்தவும் இல்லை. பக்கத்து வீட்டுச் சாந்தினி அக்கா கைப்பைக்குள் அட்சதை தேடி, அகப்படாமல், பொரித்த கச்சான் கடலையை எடுத்து மேடையைப் பார்த்துப் போட்டுவிட்டார். பின்வரிசைக்காரர்கள் பிரெஞ்சுக்காரர் இப்படித்தான் எழுதியிருப்பார் என்று எழுந்து நின்று கைதட்டினார்கள். லைலா முரசுக் கட்டைகளைப் பிடுங்கிய பிறகுதான் அமைதி வந்தது. நஸீஹா பாட்டைக் கடைசிப் பகுதியிலிருந்து தொடங்கி ஒருவழியாக முடித்தார். ஷர்மினியின் இடம் போனது போனதுதான். குழலை மடியில் வைத்துக்கொண்டு அவள் தரையையே பார்த்தபோது நிகழ்ச்சித் தாளைக் கசக்கி எறிந்தேன். வேண்டுமானால் இதை மட்டும் கோபக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கார் நிறுத்துமிடத்தில் விசாரணை நடத்தினேன். "அத்தான், வெரல தூக்கி ஆட்டுனாங்க அத்தான். கல்யாணத்துல வெரல ஆட்டுனா கெட்டிமேளம் கொட்டணும்லா? கை தானா போயிடுச்சு" என்றான். "யாரு ஆட்டுனது?" என்றேன். "லைட்டு கண்ண கூசுச்சு, ஆளு தெரியல. வெரலு தெரிஞ்சிச்சு" என்றான். நஸீஹாவைக் கேட்டேன், தான் ஆட்டவேயில்லை என்றார். தினமும் ஊரார் வாயைத் திறந்து பார்க்கிறவர், அவர் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? ஆக, விரல் என்று ஒன்று அங்கே இல்லை. மூலகாரணம் சின்னையாவின் கற்பனை. செய்ததோடு விடாமல் கதையும் கட்டுகிறானே என்று, என் வீட்டு வாசலை மிதிக்காதே என்ற பொருளில் சில வார்த்தைகள் சொன்னேன். அவன் அப்படியே போய் பஸ் ஏறிவிட்டான். விரல் கதை பொய் என்று ஒப்புக்கொண்டு, நஸீஹாவிடமும் ஷர்மினியிடமும் மன்னிப்புக் கேட்கும் வரை என் முடிவில் மாற்றமில்லை. மூத்தவர் நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பான்.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு ஆசியையும் சொல்லவும். எல்லாரும் நோய்நொடியின்றி நெடுநாள் வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்,
மோகனராஜ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஷர்மினி வந்து, லைலாவின் கணவர் மாடியிலிருந்து எடுத்த வீடியோவைக் காட்டினாள். நஸீஹா வலக்கையில் குச்சி வைத்திருக்கிறார், இடக்கையால் தாள் புரட்டுகிறார். விரல் முன்வரிசையில் இருக்கிறது. பாத்திக் சட்டை போட்ட ஒருவர், ஷர்மினி ஊதத் தொடங்கியதும், பின்னால் கச்சான் இருந்த பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று கிளறும் சாந்தினி அக்காவை அடக்க, தலைக்கு மேலே விரலைத் தூக்கி ஆட்டு ஆட்டென்று ஆட்டுகிறார். அந்தச் சட்டையை அன்று சாயங்காலம் இஸ்திரி போட்டது துளசி. பாத்திக் சட்டை ஊரில் ஆயிரம் பேர் போடுவார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "மாமா வர்ற வரைக்கும் என்கிட்ட பேசாதீங்கப்பா" என்று ஷர்மினி சொல்லிவிட்டாள். கடிதத்தைக் கிழித்துப் புதிதாக எழுதுகிறேன் என்றால் துளசி விடவில்லை. "அண்ணே முழுசா படிக்கட்டும்" என்று தானே உறைக்குள் போடக் காத்து நிற்கிறாள். மச்சான், அவன் பொய் சொல்லவில்லை. நாளைக்கே அவனைப் பஸ் ஏற்றிவிடுங்கள். சுங்கை நிபோங் பஸ் நிலையத்தில் நானே வந்து நிற்பேன். கையை ஆட்டிக் கூப்பிடமாட்டேன், அவனாகப் பார்த்து வரட்டும்.