கோட்டைத் தாண்டாத சுண்ணாம்பு அண்ணன்

மதுரை வட்டாரத்தில் எல்லா மைதானங்களிலும் கொட்டிய சுண்ணாம்புத் தூளை ஒரே இடத்தில் குவித்தால், அதில் பாதி ஒரே ஒரு ஆளின் பேண்ட் மடிப்பிலிருந்து உதிர்ந்ததாகத்தான் இருக்கும். அவருடைய நிஜப் பெயரை வாத்தியார்களே மறந்துவிட்டார்கள். வருகைப் பதிவு எடுக்கும்போது "சுண்ணாம்பு வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவரும் "உள்ளேன் ஐயா" என்பார், தும்மிக்கொண்டே.

இரண்டாயிரத்து ஒன்றோ இரண்டோ, பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் விளையாட்டு மற்றும் பொழுதுபோக்கு மேலாண்மை படித்துக்கொண்டிருந்தேன். ஏன் அதைப் படித்தேன் என்று யாரும் கேட்க வேண்டாம். வேறு எந்தப் பாடத்திலும் இடம் கிடைக்கவில்லை. எந்த விளையாட்டு ஆடினாலும் பந்து என்னைத் தேடி வந்து மூக்கில் அடிக்கும் ராசி எனக்கு. என் அப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடம், "மகன் எம்.ஏ. படிக்கிறான்" என்று மட்டும் சொல்வார். என்ன எம்.ஏ. என்று கேட்டால் காபி கொண்டுவரச் சொல்லி எழுந்து போய்விடுவார்.

சுண்ணாம்பு அண்ணன் எங்களைவிட நாலு வயது மூத்தவர். மஹால் பக்கம் அவர் அப்பாவுக்குச் சேலைக்கடை. வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். வெளியே நம்மைப் போலத்தான் பேசுவார், ஆனால் கோபம் வந்தால் மட்டும் தாய்மொழிக்குத் தாவிவிடுவார். அதனால் அவர் நம்மைத் திட்டுகிறாரா, நம் குடும்பத்தையே திட்டுகிறாரா என்று கடைசிவரை தெரியாது.

ஹாஸ்டலில் நானும் அவரும் ஒரே அறை. முதல் நாளே இரண்டு கட்டிலுக்கும் நடுவில் வெள்ளைக்கோடு போட்டார்.

"சைடு லைன் மாப்ள. உன் செருப்பு அவுட்ல கெடக்கு. எடு."

மெஸ்ஸில் வரிசை தொடங்க ஒரு கோடு, சாம்பார் வாளிக்கு ஒரு வட்டம். ஒருமுறை நண்பனின் அக்கா கல்யாணத்துக்குப் போனோம். பந்தியில் இலைக்கும் இலைக்கும் இடைவெளி ஒரே மாதிரி இல்லை என்று பையிலிருந்து டேப்பை எடுத்துவிட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமன் கையில் ஒரு முனையைக் கொடுத்து, "அங்கிட்டு இழுத்துப் பிடிங்கண்ணே" என்றார். அந்தத் தாய்மாமன் அரை மணி நேரம் டேப்பைப் பிடித்தபடியே நின்றார். அவருக்கு அப்பளம் கிடைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இவ்வளவு திறமைசாலி செய்முறைத் தேர்வில் மட்டும் இரண்டு தடவை பெயில். ஊர் மக்கள் ஐம்பது பேராவது கலந்துகொள்ளும்படி ஒரு விளையாட்டு நாளை நடத்திக்காட்ட வேண்டும். வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து பார்த்து மார்க் போடுவார். முதல் தடவை அண்ணன் கோச்சடையில் வைகைக் கரையோரம் பூப்பந்துப் போட்டி வைத்தார். அன்று அடித்த காற்றில் பந்து போனதே தவிர வரவில்லை. இரண்டாம் தடவை காலையிலிருந்து கோடு போட ஆரம்பித்தவர், ஒரு மூலை அரை விரல் கோணல் என்று மொத்தத்தையும் அழித்து மறுபடி போட்டார். தேர்வாளர் வந்தபோது இருட்டிவிட்டது. "கோடு ரெடி சார், இனி ஆளுங்க வரவேண்டியதுதான்" என்றார் அண்ணன். ஆளுங்க வந்து, காத்திருந்து, வீட்டுக்குப் போய் ராத்திரிப் பலகாரமே சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

மூன்று தடவைக்கு மேல் எழுத விதி இல்லை.

"இந்தத் தடவையும் போச்சுன்னா கடையில உக்காரணும்னு அப்பா சொல்லிட்டாரு. சேலை மடிக்கணும் மாப்ள. காலம் பூரா மடிக்கணும்" என்றார் ஒரு நாள். பிறகு எழுந்து, ஏற்கெனவே போட்டிருந்த சைடு லைனுக்கு மேல் இன்னொரு பூச்சுப் பூசினார்.

மூன்றாம் தடவைக்கு அலங்காநல்லூர் போகிற வழியில் ஒரு ஊரைப் பிடித்தார். ஊர்த் தலைவருக்குக் கடிதம் கொடுத்து அனுமதியும் வாங்கியாகிவிட்டது. தலைவர் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஊரில் யாரிடமும் சொல்லாமல், மேலூருக்கு ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார்.

நாங்கள் முதல் பஸ்ஸில் போய் இறங்கினோம். மூன்று மூட்டை சுண்ணாம்பு, முளைக்குச்சிகள், சிவப்புக் கொடிகள், முப்பது மீட்டர் டேப். அறுவடை முடிந்து கிடந்த பொட்டலில் அண்ணன் குச்சி அடித்து ஓடுதளத்துக்குக் கோடு போட ஆரம்பித்தார். அப்போது அந்தப் பக்கமெல்லாம் நாலுவழிச் சாலைக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று ஒரே பேச்சு. சாலைக்காரர்களும் இதே டேப், இதே கொடி, இதே வெள்ளைக்கோட்டோடுதான் வருவார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தால் நான் ஏன் இந்தப் படிப்புப் படிக்கிறேன்?

முதலில் வந்தது பேச்சியக்கா. அந்தப் பொட்டலை ஒட்டி அவருக்கு ஒரு மாட்டுக்கொட்டகையும் வைக்கோல்போரும் இருந்தன. இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"என்னய்யா அளக்குறீக?"

அண்ணன் தலை நிமிராமல் சொன்னார்: "இந்த வைக்கப்போரும் அந்தக் கொட்டாயும் இடிக்குதுக்கா. ரெண்டையும் எடுத்துட்டா வளைவு அழகா வந்துரும்."

பேச்சியக்கா விருட்டென்று கொட்டகைக்குள் போனார். விளக்குமாறு எடுத்துவந்தார். போட்ட கோட்டை ஒரு முனையிலிருந்து கூட்டத் தொடங்கினார். அண்ணன் மறுமுனையிலிருந்து மறுபடி போட்டார். அவர் கூட்ட, இவர் போட, இப்படியே ஐந்து தடவை. ஆறாவது தடவைக்குள் ஊரே திரண்டுவிட்டது.

"அண்ணே, வாங்க ஓடிருவோம்" என்றேன்.

"ஓடுறதா? இன்னும் பினிஷிங் லைனே போடல மாப்ள!"

யாரோ ஒருவர் டேப்பைப் பிடுங்கினார். அவ்வளவுதான், அண்ணனுக்குக் கோபம் வந்து சௌராஷ்டிரத்தில் பொரிந்துதள்ளினார்.

"பாத்தீகளா? வடநாட்டு ஆளு! டெல்லியிலருந்தே நேரா வந்திருக்கான்!" என்றார் பேச்சியக்கா.

அடுத்த நிமிடம் காளைகளுக்குப் போடுகிற பெரிய வடக்கயிறு வந்தது. அண்ணனை வேப்பமரத்தில் கட்டினார்கள். கயிறு மிச்சம் இருந்ததால் என்னையும் சேர்த்துக் கட்டினார்கள்.

"அக்கா, நாங்க ரோட்டு ஆளுங்க இல்லக்கா. படிக்கிற புள்ளைங்க" என்று அழாத குறையாகச் சொன்னேன்.

"என்ன படிப்பு?"

"விளையாட்டு... பொழுதுபோக்கு... மேலாண்மை."

பேச்சியக்கா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "பொழுது போக்குறதுக்குப் படிப்பாம்யா! பொய் சொல்றதையாச்சும் பொருந்தச் சொல்றானா பாரு!"

என் அப்பாவே நம்பாத படிப்பு. பேச்சியக்காவை எப்படிக் குறை சொல்வது?

கட்டுண்டு கிடந்ததிலேயே மணி மூன்றாகிவிட்டது. தேர்வாளர் நாலு மணிக்கு வந்துவிடுவார். எனக்கு ஒரு யோசனை வந்தது. குனிந்து, அதாவது கட்டியிருந்த அளவுக்குக் குனிந்து, சொன்னேன்.

"அண்ணே, சுத்தி இருநூறு பேர் நிக்கிறாய்ங்க. சார் வந்ததும் இவுகதான் கலந்துக்கிட்டவுகன்னு சொல்லிருவோம். பேரை எல்லாம் நானே எழுதிக்கிறேன்."

எனக்கு இதில் அனுபவம் உண்டு. என் செய்முறைத் தேர்வு ஒரு கேரம் போட்டி. பதிவேட்டில் ஐம்பது பேர். அதில் நாற்பத்தெட்டுப் பேர் என் பேனாவில் பிறந்தவர்கள்.

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் கயிறு இன்னும் இறுகியது போல இருந்தது.

"நிக்கிறவன் பார்வையாளன். ஆடுறவன்தான் பங்கேற்பாளன். ரெண்டாவது பாடத்துல இருக்கு, படிக்கலையா நீ?"

"அண்ணே, கட்டிப் போட்டிருக்காய்ங்கண்ணே!"

"ஆடாதவனை ஆடுனான்னு எழுதி பாஸாகுறதுக்குப் பதிலா நான் சேலையே மடிச்சுக்கிருவேன்."

சொல்லிவிட்டுக் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். வயிற்றைச் சுற்றியிருந்த கயிற்றைப் பார்த்தார். முகம் மாறியது.

"அக்கா, இந்தக் கயிறு எம்புட்டு நீளம்?"

"எதுக்கு?"

"நல்லா இருக்கே. இழுத்தா அத்துப்போகுமா?"

"நாலு காளை இழுத்தே அறல. நீ இழுத்தா அறப்போகுது?"

"கயிறு கெட்டிதான்க்கா. முடிச்சுதான் லூசா இருக்கு. எந்தத் தெரு போட்டது?"

"வடக்குத்தெருப் பயலுக" என்றது ஒரு குரல்.

"அதான பாத்தேன். கையில தெம்பே இல்லையே."

தெற்குத்தெருக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். வடக்குத்தெருக்காரர்கள் முறைத்தார்கள், எங்களை அல்ல, சிரித்தவர்களை. "நீங்க போட்டிருந்தா கிழிச்சிருப்பீகளோ?" "ஏன், வாறியா இழுத்துப் பாப்போம்?" "வாடா, இப்ப வாடா!" என்று பேச்சு வளர்ந்தது. ஆனால் இழுத்துப் பார்க்க ஊரில் இருந்த ஒரே கயிறு எங்கள் மேல் இருந்தது. வேறு வழியில்லாமல் எங்களை அவிழ்த்தார்கள்.

அவிழ்த்ததும் அண்ணன் ஓடினார். பஸ்ஸைப் பார்த்து இல்லை, சுண்ணாம்பு மூட்டையைப் பார்த்து. நடுவில் ஒரே ஒரு கோடு போட்டார். தெருவுக்கு எட்டுப் பேராக நிறுத்தினார். விசில் ஊதினார். பேச்சியக்கா விளக்குமாற்றோடு கோட்டருகே வந்தபோது, போச்சு, இதையும் கூட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துக் கத்தினார்:

"எவனாச்சும் கோட்டை மிதிச்சு அழிச்சீக, காலை ஒடிச்சிருவேன்!"

நாலு மணிக்குத் தேர்வாளர் ஆட்டோவில் வந்து இறங்கியபோது பெண்கள் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. தெற்குத்தெரு அணிக்குக் கடைசி ஆளாக, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு பேச்சியக்கா. ஆட்டம் முடிந்ததும் தேர்வாளர் அவரிடம் போனார்.

"இது என்ன நிகழ்ச்சிம்மா?"

"ரோடு போட வந்தாரு, விடல. கட்டிவச்சோம். இப்ப இழுத்துக்கிட்டு இருக்கோம்" என்றார் பேச்சியக்கா மூச்சுவாங்கியபடி.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அண்ணனிடம் திட்ட அறிக்கை கேட்டார். அது கூட்டத்தில் கிழிந்திருந்தது. "ஓடுதளம் எங்கப்பா?" என்றார்.

"அஞ்சு தடவை போட்டேன் சார். அஞ்சு தடவையும் அழிச்சிட்டாங்க."

"பதிவேடு?"

அது மட்டும் இருந்தது. ஆடியவர்கள் பெயர் மட்டும். அறுபத்தொரு பேர். அவர்களே போட்ட கையெழுத்து, கைநாட்டு. தேர்வாளர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மூடி அண்ணன் கையில் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன் பேண்ட் மடிப்பிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே வந்தார். பிறகு மெதுவாக, "பாஸாயிருவேனா மாப்ள?" என்றார். நான் எழுந்து, ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து ரிசல்ட். அண்ணன் பயந்துபோய் வரவில்லை. பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையை முந்நூறு பேர் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் யார் யார் காலையோ மிதித்து, சட்டைப் பட்டனை இழந்து, உள்ளே புகுந்து பார்த்தேன். அண்ணன் நம்பர் இருந்தது! ஜஸ்ட் பாஸ். கத்திக்கொண்டே வெளியே ஓடிவந்து, ஓடுகிற பஸ்ஸில் தொற்றி, முன்பின் தெரியாத ஒரு கண்டக்டரைக் கட்டிப்பிடித்தேன்.

பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மஹால் பக்கம் அண்ணன் கடையை நோக்கிப் பாதித் தூரம் ஓடிய பிறகுதான், என் நம்பரை நான் பார்க்கவே இல்லை என்பது ஞாபகம் வந்தது.