கணக்குக் கேட்டால் கனவு சொல்பவர்

மனிதர்களில் ஒரு புது ரகம் கிளம்பியிருக்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டு தலைமறைவாகும் பழைய ரகம் இல்லை. இவர் எங்கும் போகமாட்டார். எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். நீங்கள் போட்ட பணம் என்ன ஆயிற்று என்று கேட்டால், நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு, உங்கள் தோளில் கை வைத்து, இன்னும் பத்து வருடத்தில் வங்கிகளெல்லாம் எப்படி மூடப்படும், உங்கள் பேரப்பிள்ளைகள் ரூபாய் நோட்டை எப்படி வேடிக்கை பார்ப்பார்கள் என்று, கேட்ட கேள்வியே உங்களுக்கு மறந்துபோகும்வரை விளக்குவார். இவர்தான் கிரிப்டோ என்கிற கம்ப்யூட்டர் நாணயத்தை வெளியிடப்போகும் ஸ்டார்ட்அப் நிறுவனர். உங்கள் குடும்பத்தில் இப்படி ஒருவர் இல்லையா? கொடுத்துவைத்தவர் நீங்கள்.

என் குடும்பத்தில் இருக்கிறார். என் மனைவியின் தம்பி. வயதில் சின்னவன்தான், நிறுவனர் ஆன நாளிலிருந்து நாங்கள் எல்லோரும் ‘அவர்’ என்றே சொல்லிவருகிறோம்.

அவர் வாயில் ‘செலவு’ என்ற சொல் வராது. நாற்காலி வாங்கினால் ‘அடித்தளம்’. விருந்து வைத்தால் ‘உறவு வளர்ப்பு’. கம்பெனிச் சின்னத்தை மூன்றாவது தடவை மாற்றி வரையச் சொன்னால் ‘அடையாள உருவாக்கம்’. இக்கட்டான கேள்வி வந்தால் முகம் மலர்ந்து, “நல்ல கேள்வி!” என்பார். பதில் அவ்வளவுதான்.

நாற்பத்திரண்டு பேர் அவரிடம் பணம் போட்டிருந்தோம். பல் டாக்டர், பள்ளி வேன் டிரைவர், இரண்டு தெரு தள்ளி வீட்டிலேயே தைத்துக் கொடுக்கும் தையல்காரம்மா. நான் முதலீட்டாளர் மட்டுமல்ல, ஆலோசகர். டை கட்டிய என் போட்டோ கம்பெனியின் இணையதளத்தில் இருந்தது. எதைப் பற்றி ஆலோசனை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தையல்காரம்மா மட்டும் ஒருநாள் வழியில் நிறுத்திச் சொன்னார்: “கடை பிடிக்க அட்வான்சுக்குச் சேர்த்த பணம் சார். உங்க போட்டோவைப் பாத்துட்டுதான் போட்டேன்.” எனக்கு அன்று பெருமையாகத்தான் இருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து முதலீட்டாளர் கூட்டம். கண்ணாடி அறை, குளிர், பெரிய திரை. மச்சினன் ஒரு மணி நேரம் எதிர்காலத்தைக் காட்டினார். கைதட்டல் ஓய்ந்ததும் தையல்காரம்மா எழுந்தார்.

“நாங்க போட்ட பணத்துல மிச்சம் எவ்வளவு தம்பி இருக்கு?”

“நல்ல கேள்வி! நம்ம பர்ன் ரேட், அதாவது மாசாமாசம் நாம எரிக்கிற பணம்...”

“எரிக்கிறீங்களா?”

“ஐயோ, அது சும்மா ஒரு பேச்சும்மா. எல்லா ஸ்டார்ட்அப்பும் எரிக்கும்.”

“துணி குடுத்தா, வெட்டினது போக மிச்சத் துண்டைக்கூட மடிச்சு நான் திருப்பிக் குடுக்கிறேன். நீங்க துணியையும் காட்டல, சட்டையையும் காட்டல.”

யாரோ சிரித்தார்கள். பணம் எதெதற்குப் போனது என்று காட்டும் ஒரு வண்ண வட்டத்தை மச்சினன் அவசரமாகத் திரையில் போட்டார். அதில் முக்கால்வாசி ஒரே நீலம்: ‘சூழல் வளர்ச்சி’.

“சூழல்னா என்ன தம்பி?”

“நம்மைச் சுத்தி இருக்கிற எல்லாமேம்மா.”

அந்த அம்மா சுற்றிலும் பார்த்தார். தோல் நாற்காலிகள், காப்பி மிஷின், சுவர் முழுக்கச் சின்னம். “அப்ப சரியாத்தான் எழுதியிருக்கீங்க” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். நான் என்ன செய்தேன்? “கொஞ்சம் பொறுமையா இருங்கம்மா” என்றேன். ஆலோசகராகி நான் சொன்ன முதல் ஆலோசனை அதுதான்.

மறுநாள் காலை தையல்காரம்மா பட்டனுக்குக் காஜா எடுக்க வேண்டிய நாலு சட்டைகளோடு கம்பெனி வரவேற்பறையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

“யாரைப் பாக்கணும்?” என்றாள் வரவேற்பில் இருந்த பெண். 

“யாரையும் இல்லம்மா. பில்லைப் பாக்கணும்.”

அன்று நிறுவனர் பின்பக்கப் படிக்கட்டு வழியாக வந்து போனார். அடுத்த நாள் வேன் டிரைவர் இரண்டு டிரிப்புக்கு நடுவில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் பல் டாக்டர். நான்காம் நாள் பதினொரு பேர். கடைசி ஆளாக, தலையைக் குனிந்துகொண்டு, நான். இரண்டு மாதமாகச் சம்பளம் வராத கணக்குப் பிரிவுப் பெண் எழுந்து போய், யாரிடமும் அனுமதி கேட்காமல், ஃபைலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

ஒரு காசுகூடத் திருட்டு இல்லை. எல்லாவற்றுக்கும் பில் இருந்தது. கொடுமையே அதுதான். ஆறு பேர் உட்கார முப்பது நாற்காலி இருந்தது. சின்னம் வரைந்தவருக்கு மூன்று தடவை பணம் போயிருந்தது. நாணயத்தை உருவாக்க வேண்டிய புரோகிராமருக்கு மட்டும் எதுவும் போகவில்லை. அப்படி ஒருவரை அவர்கள் இன்னும் வேலைக்கு எடுக்கவே இல்லை. அதற்கும் கீழே ஒரு வரி: ‘ஆலோசகர், குடும்பத்துடன், கடலோர ஓட்டல், மூன்று இரவு.’ மாநாடு என்று மச்சினன் கூப்பிட்டுப் போனது. தையல்காரம்மாவின் விரல் அந்த வரியில் நின்றது. எல்லோருக்கும் கேட்கும்படி படிப்பார் என்று நினைத்தேன். படிக்கவில்லை. பக்கத்தைத் திருப்பினார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மச்சினன் அப்போதும் விடவில்லை. “பணம் போனா என்னம்மா, நம்ம நாணயம் இருக்கு!”

“அது இருந்திருந்தா நான் ஏன் தம்பி இங்க வந்து உக்காரப்போறேன்?”

அறையைக் காலி செய்து அட்வான்சைத் திரும்ப வாங்கி, நாற்காலிகளை விற்று, ஆளுக்குப் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு வந்தது. தையல்காரம்மா பார்த்துவைத்திருந்த கடையை வேறு யாரோ பிடித்துவிட்டார்கள். அவர் இன்றும் வீட்டு முன்னறையில்தான் தைக்கிறார். அந்த மூன்று இரவு ஓட்டலுக்கு ஆன பணத்தை ஒரு கவரில் போட்டுக்கொண்டு அவரிடம் போனேன். “இது எனக்கு மட்டும் சேர வேண்டியதா சார்? நாப்பத்திரண்டு பேருக்கும் பிரிச்சுக் குடுங்க” என்றார். வீடு வீடாக ஏறி இறங்கி முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. 

மச்சினன் சோர்ந்துபோனாரா? புதுக் கம்பெனி தொடங்கிவிட்டார். தோல்வியில் கற்ற பாடங்கள் என்று நாற்பது ஸ்லைடு காட்டுகிறாராம்.

நமக்கென்ன, நாம் கம்பெனியா நடத்துகிறோம் என்கிறீர்களா? சரிதான். போன மாதம் உங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவருக்கு வழியனுப்பு விழா வைக்க, எல்லோரிடமும் பணம் வசூலித்தது யார்? மிச்சம் எவ்வளவு என்று ஒருவர் கேட்டபோது, விழா எவ்வளவு பிரமாதமாக நடந்தது என்றுதானே சொன்னீர்கள்?