அசலும் நகலுமாக நான்கு சுக்கான் பின்கள்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். என் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சமையலறைக் கதவும் சுகம். எங்கள் பெண் பிஸ்கட் எடுக்க உள்ளே போகும்போதெல்லாம் கிரீச்சிட்டுக் காட்டிக்கொடுத்த கதவுதான். கொட்டகையில் நீல டப்பாவில் சும்மா கிடந்த இரண்டு பளபளப்பான கம்பிகளைக் கீல்களில் செருகி, போன மாதம் நானே வைத்தியம் பார்த்துவிட்டேன். இப்போது மூச்சுக்கூட விடுவதில்லை. கம்பி கொஞ்சம் நீளம். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் அத்தை கைத்துடைக்கும் துணியை மாட்டுகிறாள். அங்கே நீங்கள் இருவரும் சுகம் என்று நம்புகிறேன்.

நிற்க. ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், எங்கள் கொட்டகையில் விட்டுப்போன கேட்டமரான் படகை ஏரியில் இறக்கப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். ‘சுக்கான் பின்கள் தேய்ந்துவிட்டன, மாற்றி வையுங்கள் மாமா’ என்றும் எழுதியிருந்தீர்கள். படகு ஒன்று என்றாலும் அதற்கு உடல் இரண்டு, சுக்கானும் இரண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒவ்வொரு சுக்கானையும் படகோடு பிடித்து வைத்திருப்பது பென்சில் பருமனில் ஒரு சாண் நீளக் கம்பி. இரண்டையும் உருவிப் பார்த்தேன். இடது பக்கத்துக் கம்பி நடுவில் இளைத்திருந்தது. வலது பக்கத்துக் கம்பி இளைத்தது போதாதென்று கோணியும் இருந்தது. நேரே லேத்துப் பட்டறைக்குப் போனேன். நான் முப்பத்தொரு வருஷம் ஆபீசில் அசலையும் நகலையும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டவன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தில், “அசல் மாதிரியே இருக்கணும். மயிரிழைகூட மாறக் கூடாது” என்று லேத்துக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். நாலு நாள் கழித்து வாங்கி வந்து, புதியவற்றைப் படகில் மாட்டினேன். சுக்கான் முன்பு ஆடியபடியே ஆடியது. உருவிப் பார்த்தால் அதே இளைப்பு, அதே கோணல்! புதுக் கம்பிகளோடு திரும்ப ஓடினேன்.

“என்னப்பா இது, தேஞ்சதையும் சேர்த்தா செய்வாங்க?”

“நீங்கதானே சார் சொன்னீங்க, மயிரிழை மாறக் கூடாதுன்னு? நேரான கம்பின்னா அரை மணி நேர வேலை. இந்தத் தேய்மானத்தை அப்படியே கொண்டு வரத்தான் நாலு நாள் ஆச்சு. அந்தக் கோணலுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!”

அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்த பிறகு எனக்குத் திட்ட மனம் வரவில்லை. மெய்யாகவே அருமையான வேலை. “சரி, இதையே வெச்சு, பழசு முழுசா இருந்தப்ப எப்படி இருந்திருக்குமோ அப்படிச் செஞ்சு குடுங்க” என்றேன். “அப்ப அசலைக் கொண்டாங்க சார். நகலை வெச்சு அளவெடுத்தா தப்பு வரும்” என்றார். அதுவும் நியாயம்தானே? வீட்டுக்கு வந்து, பழைய இரண்டையும் எடுத்து, நான்கையும் மேசைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால் உங்கள் அத்தை நான்கையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, வரிசையாகக் காயவைத்திருக்கிறாள். “ஒரே எண்ணெய்ப் பிசுக்கா இருந்துச்சுங்க” என்கிறாள். பழசின் கறையும் போச்சு, புதுசின் எண்ணெயும் போச்சு. தராசில் நிறுத்தேன், தரையில் போட்டுச் சத்தம் கேட்டேன், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முப்பத்தொரு வருஷ சர்வீஸ் மாப்பிள்ளை, எனக்கு அசல் எது நகல் எது என்று தெரியவில்லை! எந்த ஜோடியைப் போட்டாலும் சுக்கான் ஒரே மாதிரி ஆடித் தொலைக்கிறது.

விளையாட்டு போகட்டும். அந்தப் படகில் எங்கள் பெண் உட்காரப்போகிறாள். நடு ஏரியில் ஒரு கம்பி ஒடிந்தால் என்ன ஆகும்? பின் தயாராகாமல் நீங்கள் வந்தால், “ஒண்ணும் ஆகாதுப்பா” என்று அவள் ஏறிவிடுவாள். அவள் பிடிவாதம் உங்களுக்கே தெரியும். ஆகவே பயணத்தை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். எட்டு மாதம் கழித்து வருகிற பெண்ணை வராதே என்று எழுதுவது கஷ்டம்தான். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
குழம்பிப்போன மாமா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அத்தை, “மாப்பிள்ளை கடுதாசிக்கு இன்னொரு பக்கமும் இருக்கே, படிச்சீங்களா?” என்றாள். படிக்கவில்லை. ஆபீசில் பக்கம் புரட்ட வேறு ஆள் உண்டு. ‘புதிய பின்கள் கொட்டகையில் நீல டப்பாவில் இருக்கின்றன’ என்று எழுதியிருக்கிறீர்கள். உடனே சமையலறைக் கதவைக் கழற்றினேன். அந்தக் கம்பிகள் சுக்கானில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டன. துளி ஆட்டம் இல்லை. வேறு கடிதம் எழுத நேரமில்லை, தபால் எடுக்கும் நேரம் ஆகிவிட்டது. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக எண்ணி, ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். கதவுக்கு அந்த நான்கில் இரண்டைப் போட்டேன். அசலா நகலா என்று கேட்காதீர்கள். பழைய கிரீச் அப்படியே வந்துவிட்டது. “எண்ணெய் விடட்டுமா?” என்று கேட்டேன். “அவ வந்துட்டுப் போற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்” என்கிறாள் அத்தை. பிஸ்கட் வாங்கி வைத்தாகிவிட்டது.