மைக்செட் மாமாவின் மீசையும் பெட்டூனியாவும்

மதுரை வெயிலைச் சவாலுக்கு இழுத்த ஒரே மனிதர் எங்கள் கோரிப்பாளையம் சந்தில் இருந்த மைக்செட் மாமாதான். சும்மா இழுக்கவில்லை, ஒலிபெருக்கியில் இழுத்தார்.

கல்யாணம், காதுகுத்து, சந்தனக்கூடு எதுவானாலும் மைக்செட் அவருடையது. அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். அவர் மனைவியே "மைக்செட்டு, சாப்பிட வாங்க" என்றுதான் கூப்பிடுவார். சந்துக்குள் முதலில் மீசை திரும்பும், கொஞ்சம் பொறுத்து அவர் வருவார்.

ஒரு வைகாசியில் கொடைக்கானலில் ஏதோ பூக்காட்சிக்கு மைக்செட் குழாய் கட்டப் போனவர், அங்கே பெட்டூனியாவைப் பார்த்து மயங்கிவிட்டார். ஊதாவும் வெள்ளையுமாய், அச்சு அசல் ஒலிபெருக்கிக் குழாய் வடிவத்தில் ஒரு பூ! விதை கேட்டிருக்கிறார். "மதுரைக்கா? அந்த வெயிலுக்கு இது வராதுய்யா" என்று தோட்டக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு சீமைப் பொட்டலத்தைக் கொடுத்தாராம்.

ஊர் திரும்பியதும் வாசலில் குழாயைக் கட்டினார்.

"ஹலோ, மைக் டெஸ்டிங்... பெரியோர்களே, தாய்மார்களே! இந்தச் சந்துல பெட்டூனியா பூக்கும். பூக்கலைன்னா என் மீசையை எடுத்துருவேன்!"

வைகைக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும். டீக்கடை பாய் மட்டும் அசரவில்லை. "மாப்ள, பிளேடு இப்பவே வாங்கி வச்சிரவா?"

விதைப் பொட்டலத்தில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ். சந்தில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பா, அம்மா இருவரும் கைநாட்டு, நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். பாய் கடை பெஞ்சின்மேல் ஏறி நின்று முதலில் இங்கிலீஷிலும், பிறகு போனால் போகட்டும் என்று தமிழிலும் வாசித்தேன். விதையை மண் போட்டு மூடக் கூடாது. செடியை முழு வெயிலில் வைக்க வேண்டும்.

"எம்புட்டு வெயிலு ஆத்தா?"

"முழு வெயிலு மாமா. போட்டிருக்குல்ல!"

விதையோ, கடுகை நூறாக உடைத்த மாதிரி. தும்மினால் தோட்டம் காலி. மாமா மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மணலில் கலந்து தூவினார். விதை முளைக்கும்வரை வீட்டில் மிளகாய் தாளிக்கத் தடை. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் தன் குளியலை நிறுத்தி அந்தத் தண்ணீரைத் தெளித்தார். மூன்றாம் நாள் அத்தை அவருக்கு வாசலில் இலை போட்டார்.

"தலையில வைக்க முடியாது, சாமிக்குப் போட முடியாது. எதுக்கு மைக்செட்டு இந்தப் பூ?"

"பாக்குறதுக்குடி!"

"பாக்குறதுக்கு நான் இருக்கேன்ல?"

மாமா மூக்குத் துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

ஆனால் முளைத்ததே! நாற்பது செடி. நாலு இலை விட்டதும் என் உத்தரவுப்படி மொட்டை மாடியில் ஏற்றினார். இரண்டே நாளில் நாற்பதும் அப்பளமாகிவிட்டன.

அந்தப் பொட்டலம் குளிர் தேசத்துக்கு அச்சடித்தது, அங்கே முழு வெயில் என்பது நம்மூர் வேப்பமர நிழல் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமா ஒரு வார்த்தை சொன்னால் போதும், 'படிச்ச புள்ள' என்ற என் பட்டம் போய்விடும். கதவுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"என்ன மாப்ள, அந்தப் புள்ள படிச்சுச் சொன்னபடிதானே செஞ்சே?" என்றார் பாய்.

"அது சரியாத்தேன் சொல்லுச்சு பாய். நாந்தேன் அவசரப்பட்டுட்டேன்."

மறுநாள் காலை, ஒலிபெருக்கியில் முறையாக அறிவித்துவிட்டு, டீக்கடை வாசலில் உட்கார்ந்து மீசையை எடுத்துக்கொண்டார். இத்தனை நாள் மீசை மறைத்திருந்த இடம் மட்டும் குழந்தையின் தோல் போல வெளுத்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பூக்கிறவரை வளர்ப்பதில்லை என்று அதன்பிறகு நாள் தவறாமல் மழித்தார்.

ஐப்பசியில், மழை விட்ட ஒரு மாலை, எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் அதே பொட்டலம். பாதி விதை மிச்சம்.

"இதைப் படிச்சுச் சொல்லு ஆத்தா."

"வேண்டாம் மாமா. வேற யார்கிட்டயாச்சும்..."

"வேற யாரு இருக்கா? படி."

தரையில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டுகிறவள் போல மெதுவாக வாசித்தேன்.

"காலை வெயிலு மட்டும் போதும் மாமா."

"அப்படியா போட்டிருக்கு?"

"இல்ல. நான் சொல்றேன்."

"அப்பச் சரி" என்று எழுந்து போனார்.

தை பிறந்ததும் பூத்தது. ஊதா, வெள்ளை, சிவப்பு என்று சந்து நெடுக நூறு குட்டி ஒலிபெருக்கிகள். அத்தை ஒன்றைப் பறித்துக் காதோரம் செருகிக்கொண்டார். பத்து நிமிஷத்தில் வாடியது, ராத்திரிவரை எடுக்கவில்லை.

மாமா மைக்கைப் பிடித்தார். தன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. பொட்டலம் படித்துச் சொன்னவள் யார், யார் வீட்டுப் பெண், எத்தனையாவது படித்தவள் என்று மூன்று தடவை அறிவித்தார்.

இன்று என் பெயர் பத்திரிகையில் அச்சாகிறது. ஆனால் அவ்வளவு உரக்க அதை யாரும் பிறகு சொன்னதில்லை.