சுரேஷ்கண்ணன் நாட்டுக்குப் பேர் வைத்த கதை

இந்த ஒன்றுக்காவது பேர் நான்தான் வைப்பேன் என்று சுரேஷ்கண்ணன் சபதம் எடுத்தார். மகளுக்குப் பேர் வைத்தது மாமியார். மருந்துக் கடைக்கு வைத்தது மைத்துனன். கன்றுக்குட்டிக்கு வைத்தது மனைவி மாரீஸ்வரி. அவர் கூப்பிட்டால் அது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு நாடு.

நாடு கதையில்தான் இருந்தது. ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டத்துக்காரர்களுக்குப் பூச்சிமருந்து விற்கிற நேரம் போக, அவர் யூடியூபில் கதை சேனல் நடத்துகிறார். வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு வரவே இல்லை, கம்பம் பள்ளத்தாக்கு தனி நாடாகவே இருந்துவிட்டது என்பது புதுக்கதை. அப்படியானால் பெரியாறு அணையைக் கட்டியது யார் என்று கேட்காதீர்கள். அதை அவர் இன்னும் யோசிக்கவில்லை.

எழுதுவது அவர், வாசிப்பது மாரீஸ்வரி. அவள் குரலுக்காகத்தான் கூட்டமே வருகிறது.

"சுருளிநாடுன்னு வைங்க. பொருத்தமா இருக்கும்" என்றாள் மாரீஸ்வரி.

அவள் அப்பா பேர் சுருளியாண்டி. எதிர்த்துப் பேசி ஜெயிக்க முடியாது என்பது சுரேஷ்கண்ணனுக்குத் தெரியும். அதனால் ஒரு திட்டம் போட்டார். அவருடைய அப்பா பேர் அழகர். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் மாமனார் பேரை மாரீஸ்வரி வாயால் சொன்னதே இல்லை. கள்ளழகரே அவளுக்கு 'மாமா பேருள்ள சாமி'தான். வாயில் வராத பேரை வைத்து அவள் எப்படி வம்பு வளர்ப்பாள்?

"அழகர்நாடு" என்று அறிவித்தார்.

"நீங்க சொன்னா சரிதான்" என்றாள் அவள். அவர் சந்தோஷத்தில் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டுக்குக் கதை வெளியாகும் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று. பதினோரு மணிக்கு மாரீஸ்வரி மைக் முன்னால் உட்கார்ந்தாள். "முன்னொரு காலத்தில்..." என்று ஆரம்பித்து, அதோடு நிறுத்திவிட்டாள்.

"ஏத்தா, என்னாச்சு?"

"மாமா பேரு வருதே. நான் எப்படிச் சொல்ல?"

"கதைதானே மாரி."

"கதையா இருந்தா? கேட்டா மாமா என்ன நினைப்பாக?"

"நாப்பத்தேழு இடத்துல வருது."

"வேற பேரு வைங்க."

"கண்ணன்நாடு?"

"புருஷன் பேரையா? நல்லாருக்கு."

"பொன்னுநாடு?"

"உங்கண்ணன் பேரு என்னன்னு யோசிச்சுப் பாருங்க."

அண்ணன் பொன்னுராஜ். சுரேஷ்கண்ணனுக்கு வேர்த்தது.

"முல்லைநாடு?"

"உங்களுக்கு மொதல்ல பார்த்த பொண்ணு முல்லைக்கொடிதானே? அதை வேணா சொல்றேன். அப்புறம் சோத்துக்கு அங்கன போய்க்கிருங்க."

மணி பதினொன்றேகால் ஆகிவிட்டது. முதல் பக்கத்தை மட்டும் தானே வாசித்துப் பார்த்தார். பதிவைக் கேட்டபோது அவருக்கே பாவமாக இருந்தது.

"உன் வாயில எந்தப் பேருதான் வரும்?"

"எங்கப்பா பேரைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்?"

நாற்பத்தேழு இடத்திலும் சுருளிநாடு ஏறியது. மாரீஸ்வரி தங்குதடை இல்லாமல் வாசித்து முடித்தாள். கதை சரியாகப் பன்னிரண்டுக்கு வெளியானது.

நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் அப்பாவுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற மருமகள் யாருக்குக் கிடைப்பாள் என்று நினைத்தபோது, தோற்றதும் ஒரு பெருமையாகவே பட்டது. கண்கூடக் கலங்கிவிட்டது.

அடுப்படியிலிருந்து மாரீஸ்வரி போன் பேசும் சத்தம் கேட்டது.

"அலோ, அழகர் மாவு மில்லா? மிளகாய் அரைச்சாச்சான்னு கேக்கணும், அழகர் அண்ணன்கிட்ட குடுங்க. ஆமா, நம்ம அழகர் அண்ணன்தான்."