கேக்க ஆள் இல்லாத தெரு வாணாம்

தாம்பரத்தில் எத்தனை வீட்டு புரோக்கர்கள் இருக்கிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தால், எண்ணி முடிப்பதற்குள் அவர்களில் ஒருவர் நமக்கே ஒரு வீட்டைக் காட்டி அட்வான்ஸ் வாங்கிவிடுவார். ஆனால் வீட்டைக் காட்டிவிட்டு, "இது வாணாம்" என்று தானே சொன்ன புரோக்கர் இந்த உலகத்தில் ஒருத்தன்தான். அவனுக்குப் பேரே அதுதான். வாணாம்.

அப்பா அம்மா வைத்த பேர் எனக்குத் தெரியாது. இருபது வருஷமாக அவன் சைக்கிள் என் ஸ்டாண்டில்தான் நிற்கிறது. நான் ரயில்வே ஸ்டேஷனுக்கு மேற்கே டூவீலர் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கிறவன். பள்ளிக்கூடம் பக்கம் போனதில்லை. எழுத்துக் கூட்டப் பழகியதே வண்டி நம்பரைப் பார்த்துத்தான். வண்டியைப் பார்த்தால் ஆள் முகம் ஞாபகம் வந்துவிடும். நாலு வருஷமாக யாரும் எடுக்க வராத ஒரு பச்சை ஸ்கூட்டர் இன்னும் மூலையில் நிற்கிறது. அதன் சொந்தக்காரர் மூக்குக்கண்ணாடியில் இடது பக்கம் நூல் சுற்றியிருப்பார். அவர் கதை வேறு, அது கிடக்கட்டும்.

வாணாம் காலையில் என் ஸ்டாண்டுக்கு வந்ததும் செய்கிற முதல் வேலை, ஏதாவது ஒரு புல்லட்டின் கண்ணாடி முன் நின்று முழிப்பது. திருட்டு முழி. கழுத்தைச் சாய்த்து, துண்டைத் தலையில் போட்டு, கண்ணை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓட்டுவான். அப்புறம் என்னைப் பார்த்து, "தலைவரே, திருடன் மாதிரி கீறனா?" என்பான்.

"இருக்கிறய்யா, அசல்."

"அது போதும்" என்று கிளம்பிவிடுவான்.

இது பைத்தியமில்லை, அவன் தொழில். யாராவது வீடு கேட்டால், முதலில் அந்தத் தெருவுக்குப் போய்ச் சந்தேகப்படும்படி நிற்பான். ஒரு வீட்டு கேட்டை உற்றுப் பார்ப்பான். அடுத்த வீட்டு மாடியை எண்ணுவான். யாராவது வந்து "யாருய்யா நீ? யாரு வோணும்?" என்று கேட்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்ப்பான். பத்து நிமிஷத்துக்குள் கேட்டால் நல்ல தெரு. அரை மணி நேரமானால் யோசிக்கணும். கேட்கவே இல்லை என்றால், வாணாம்.

ஒரு தடவை சேலையூர்ப் பக்கம் ஒரு தெருவில் நாலு பேர் அவனைப் பிடித்து, துண்டாலேயே கையைக் கட்டி, போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். நான்தான் போய் நம்ம ஆள் என்று சொல்லிக் கூட்டிவந்தேன். வழியெல்லாம் ஒரே சந்தோஷம்.

"ஏழே நிமிஷம், தலைவரே. ஒரு பொம்பள தொடப்பத்தோட வந்துச்சு. தங்கமான தெரு. வூடு கேட்டாரே ஒரு வாத்தியாரு, அவரு குடும்பத்துக்கு அங்கதான் வூடு."

இன்னொரு தடவை, மாடம்பாக்கத்தில் ஒரு தெருவில் அவனைக் கல்யாணத்துக்கு விசாரிக்க வந்த மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள். உள்ளே கூப்பிட்டு காபி கொடுத்து, எதிர் வீட்டுப் பெண் எவ்வளவு நல்ல பெண் என்று ஒரு மணி நேரம் சொன்னார்களாம். திரும்பி வந்து, "தெரு நல்ல தெரு. பொண்ணும் நல்ல பொண்ணாத்தான் தெரியுது" என்றான்.

தண்ணீர் விஷயத்தில் இன்னும் மோசம். வீட்டுக்குள் நுழைந்ததும் ஹாலைப் பார்க்க மாட்டான், கிச்சனைப் பார்க்க மாட்டான். நேரே கரன்ட் மீட்டர் பெட்டிக்குப் போவான். பெட்டி தலைக்கு மேலே இருந்தால் அவ்வளவுதான். "மீட்டர ஏத்தி வெச்சிகிறாங்கன்னா, தண்ணி ஒரு தபா வந்து பார்த்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம்." சுவரில் இடுப்பு உயரத்துக்கு மட்டும் புது பெயின்ட் அடித்திருந்தால், வீட்டு ஓனர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பான். ஓனர் தானாகவே, "அது ஒரு வருஷம்தான் சார் வந்தது" என்று சொல்லிவிடுவார்.

பெரிய மழை வரப்போகிறது என்று டிவியில் சொன்னால் ஊரே பிரெட் பாக்கெட் வாங்க ஓடும். இவன் பள்ளிக்கரணைப் பக்கம் பாலத்துக்கு ஓடுவான். தண்ணீருக்குப் பயந்து காரையெல்லாம் பாலத்து மேலே கொண்டுவந்து நிறுத்துவார்கள் இல்லையா, குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காராகப் போய், "சார், எந்தத் தெருவுல இருந்து வர்றீங்க?" என்று கேட்பான்.

"ஏன், இன்சூரன்ஸா?" என்று ஒருவர் ஆசையாகக் கேட்டாராம்.

"இல்ல சார். உங்க தெருவுல வூடு காலியானா யாருக்கும் காட்டாம இருக்கத்தான்."

காட்டாங்குளத்தூர் காலேஜில் வேலை பார்க்கும் ஒரு சாருக்கு வீடு பார்க்கும்போது, "ஸ்டேஷனுக்கு அஞ்சே நிமிஷம்" என்றார் வீட்டுக்காரர். வாணாம் ரெண்டு கையிலும் காய்கறிப் பை பிடித்துக்கொண்டு ரப்பர் செருப்போடு நடந்து பார்த்தான். இருபத்திரண்டு நிமிஷம். திரும்பப் போய், "சார், நீங்க சொன்ன அஞ்சு நிமிஷம் புல்லட்டு நிமிஷம். குடி வர்றவரு கால்ல நடக்கற நிமிஷத்துல தான் வாழணும்" என்று சொல்லிவிட்டு வந்தான். இப்படியெல்லாம் சொன்னால் எந்த ஓனர் அவனைக் கூப்பிடுவார்? சைக்கிள் சைக்கிளாகவே இருந்தது.

இதையெல்லாம் நான் வேடிக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் மகளுக்கு வீடு தேட வேண்டி வரும் வரைக்கும்.

கஸ்தூரி நர்ஸ். பல்லாவரம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. மாப்பிள்ளை துபாயில். அவளும் ரெண்டாவது படிக்கிற பேத்தியும் மட்டும்தான். அவர்கள் இருந்த வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டப்போவதாக ஓனர் சொல்லிவிட்டார். நான் பையன் வீட்டில் இருக்கிறேன், அங்கே படுத்தால் புரள இடமில்லை. ஆவணி பிறந்துவிட்டது. புரட்டாசியில் யாரும் பால் காய்ச்சிக் குடிபோக மாட்டார்கள். ஐப்பசி வந்தால் மழை. ஆவணி முடிவதற்குள் வீடு கிடைத்தாக வேண்டும். மூணு நாளைக்கு ஒரு தரம் டூட்டி மாறுகிற பெண். ரயிலுக்கும் பக்கமாக இருக்க வேண்டும், தனியாக நடந்து வந்தாலும் நான் நிம்மதியாக இருக்க வேண்டும்.

வாணாமிடம் சொன்னேன். அவன் ஒன்பது வீடு பார்த்து ஒன்பதையும் வாணாம் என்றான்.

பத்தாவதைக் கஸ்தூரியே போனில் கண்டுபிடித்தாள். புது அபார்ட்மென்ட். லிஃப்ட், கேமரா, வாசலில் செக்யூரிட்டி. போட்டோவைப் பார்த்தால் எனக்கே குடிபோக வேண்டும் போல இருந்தது. வாணாம் அங்கே போய் ரெண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தான்.

"ஒருத்தர் கூட கேக்கலம்மா. செக்யூரிட்டி எனக்கு சல்யூட் வெச்சு கேட்டத் தொறந்து உட்டான். நாலாவது மாடி வரைக்கும் போய் எல்லா வூட்டு செருப்பையும் எண்ணிட்டு வந்தேன்."

"கேமரா இருக்கே அண்ணா" என்றாள் கஸ்தூரி.

"கேமரா பாக்கும்மா. கேக்காது. நீ யாருன்னு கேக்க ஒரு ஆளு வோணும்."

அவன் போனதும் என் மேல் பாய்ந்தாள். "அப்பா, இவரை நம்பினா நான் பிளாட்ஃபாரத்துலதான் பால் காய்ச்சணும். இன்னும் பத்து நாள்தான் இருக்கு. நான் அட்வான்ஸ் கொடுக்கப் போறேன்."

"ரெண்டு நாள் பொறும்மா" என்றேன்.

அந்த ரெண்டு நாளும் வாணாம் ஸ்டாண்டுக்கு வரவில்லை. மூணாம் நாளும் வரவில்லை. கண்ணாடி முன்னால் முழிக்க ஆள் இல்லாமல் புல்லட் எல்லாம் சும்மா நின்றன. கஸ்தூரி போனில், "சாயங்காலம் அட்வான்ஸ் கொடுத்துடறேன்ப்பா" என்றாள். தேடிப் போகலாம் என்று கிளம்பியபோதுதான் எனக்கு உறைத்தது. அவன் வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது. இருபது வருஷத்தில் நான் கேட்டதே இல்லை.

டீக்கடையில் விசாரித்து, மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ரெண்டு பக்கமும் அறை அறையாக வாடகைக்கு விட்ட கட்டடங்கள். எந்தக் கதவு என்று தெரியவில்லை. எல்லாப் பூட்டையும் குனிந்து பார்த்துக்கொண்டு, ஜன்னல்களை எட்டிப் பார்த்துக்கொண்டு அப்படியும் இப்படியும் நடந்தேன். ஆட்கள் வந்தார்கள், போனார்கள். என் தோளில் இடித்துக்கொண்டுகூடப் போனார்கள். அரை மணி நேரம் ஆனது. ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

கடைசியில் ஒரு மாடிப்படிக்குக் கீழே அவன் செருப்பில் ஒன்று மட்டும் கிடப்பதைப் பார்த்தேன். மேலே தகரக் கூரை அறை. பாயில் படுத்திருந்தான். கணுக்கால் பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது. படியில் விழுந்து மூணு நாளாம். போனும் விழுந்து உடைந்துவிட்டதாம். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரும் பாதி பிஸ்கட் பாக்கெட்டும்.

"எவ்ளோ நேரம் நின்ன தலைவரே?" என்றான்.

"அரை மணி."

"யாருனா கேட்டாங்களா?"

"இல்ல."

சிரித்தான். "எனக்குத் தெரியும். வந்த அன்னிக்கே நின்னு பாத்தேன். தனி ஆளுக்கு வேற யாரு வூடு குடுப்பாங்க? அத வுடு. உன் பொண்ணுக்கு வூடு கெடச்சிடிச்சு. அதச் சொல்லத்தான் அவசரமா எறங்குனேன், வழுக்கி உட்டுடிச்சு. மூணு நிமிஷம், தலைவரே. என் சர்வீஸ்ல இல்லாத மூணு நிமிஷம்."

உடனே கஸ்தூரிக்குப் போன் போட்டு, "அட்வான்ஸ் கொடுக்காதே, இன்னும் ஒரு வீடு பார்த்துட்டு அப்புறம் உன் இஷ்டம்" என்றேன். ஆட்டோ வைத்து அவனையும் அவளிடம் கொண்டுபோனேன். திட்டிக்கொண்டே காலைக் கட்டிவிட்டாள். "மூணு நாள் இப்படியே கிடந்தீங்களா? ஒருத்தர் கூடவா கதவைத் தட்டல?" என்று கேட்டுவிட்டு, அவிழ்ந்துவிடாமல் கட்டுக்கு மேல் இன்னொரு சுற்றும் சுற்றினாள். பிறகு, "சரி, வாங்க, அந்தத் தெருவைப் பார்க்கலாம்" என்றாள்.

கிழக்குத் தாம்பரத்தில் சின்னத் தெரு. முனையில் புங்க மரம், அதன் கீழே இஸ்திரி வண்டி. வாணாமும் கஸ்தூரியும் ஆட்டோவில் இருக்க, நான் இறங்கி, அவன் காட்டிய வீட்டைப் பார்த்தபடி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்து மாட்டுவதற்குள் இஸ்திரி போடுகிற மேரி குரல் கொடுத்துவிட்டாள்.

"இன்னா பெரியவரே, யாரு வோணும்? அந்த வூட்டயே பாத்துகினு கீறீங்க?"

ஆட்டோவிலிருந்து வாணாம் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வீடு பழசு. லிஃப்ட் கிடையாது. பாத்ரூம் கதவை எட்டி உதைத்தால்தான் மூடும். ஆனால் மீட்டர் பெட்டி நெஞ்சு உயரத்தில் அமைதியாக இருந்தது. பெயின்ட் மேலிருந்து கீழே வரை ஒரே அழுக்கு. ஸ்டேஷனுக்குப் பதினோரு நிமிஷம், அதுவும் காலில் நடக்கிற நிமிஷம். வீட்டுக்காரர் ரிட்டையரான டீச்சர். கஸ்தூரியிடம் அரை மணி நேரம் கேள்வி கேட்டார். மாப்பிள்ளை வருஷத்துக்கு எத்தனை தடவை வருவார், டூட்டி எப்போது முடியும், குழந்தை கத்திரிக்காய் சாப்பிடுமா என்பது வரைக்கும். வெளியே வந்ததும் கஸ்தூரி, "அப்பா, போலீஸ்கூட இவ்வளவு கேக்காது" என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அட்வான்ஸை அங்கேயே கொடுத்துவிட்டாள்.

ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினோம். வாணாம் நொண்டிக்கொண்டு வந்தான். எல்லோருக்கும் டம்ளர் கொடுத்துவிட்டு, கஸ்தூரி டீச்சரிடம் கேட்டாள்: "பின்னாடி தேங்காய் போட்டு வெச்சிருக்கீங்களே ஒரு ரூம், அதை வாடகைக்குக் கொடுப்பீங்களா?"

"தனி ஆம்பளைங்களுக்குக் கொடுக்கறதில்லைம்மா."

"தனி ஆள் இல்ல டீச்சர். எங்க சித்தப்பா."

எனக்குத் தம்பி கிடையாது. அது கஸ்தூரிக்கும் தெரியும். நான் பால் டம்ளரை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. டீச்சர் வாணாமை ஏற இறங்கப் பார்த்தார். அவன் பழக்கதோஷத்தில் திருட்டு முழி முழித்தான். ஆனாலும் டீச்சர் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

தேங்காய்களைத் தாண்டி உள்ளே போனான். சுவரைத் தட்டினான். மூலைக்கு மூலை குனிந்து பார்த்தான். ஜன்னலைத் திறந்தால் மேரியின் இஸ்திரி வண்டி தெரிந்தது. நாங்கள் வாசலில் நின்று அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தோம். திரும்பினான். வாய் திறந்தது, மூடியது. அப்புறம் சின்னக் குரலில் கேட்டான்:

"சட்ட மாட்ட ஒரே ஒரு ஆணி அடிச்சிக்கலாமா டீச்சர்?"

இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் மகளைப் பார்க்க அந்தத் தெருவுக்குப் போகிறேன். மேரிக்கு அவனை நன்றாகத் தெரியும், அவன் சட்டையை அவள்தான் தேய்க்கிறாள். ஆனாலும் சாயங்காலம் அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முனைக்கு வந்ததும் வேண்டுமென்றே ஒரு நிமிஷம் நிற்பான், கண்ணை அப்படியும் இப்படியும் ஓட்டுவான். அவளும் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, "யாருய்யா அது? யாரு வோணும்?" என்பாள்.

"யாரும் வாணாம்மா. வூட்டுக்குப் போறேன்" என்பான்.

மகளைப் பார்க்கத்தான் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறேன். ஆனால் அவன் அதைச் சொல்கிற நேரம் தப்பிவிடாமல், கொஞ்சம் முன்னாலேயே போய்ப் புங்க மரத்தடியில் நின்றுகொள்கிறேன்.